பச்சை ஏரி, நீல நாக்கு

இரும்புக் கம்பி முதலில் மெஷினை உடைத்தது. பிறகுதான் மோகனப்பிரியாவின் நெற்றிக்கு வந்தது.

அஸ்தம்பட்டியில் ஒரு பல் டாக்டரின் மாடியில் இருந்தது மோகனப்பிரியாவின் ஆய்வுக்கூடம். சேலம், நாமக்கல் பக்கத்து ஏரிகளின் தண்ணீரைச் சோதித்துச் சொல்வதுதான் அங்கே வேலை. துப்பறிவாளர் ஸ்ரீதேவியும் அவளுடைய உதவியாளன் அறிவும் பாதிப் படி ஏறியிருந்தபோது மேலே கண்ணாடி நொறுங்கியது. கூடவே ஒரு பெண்ணின் அலறல்.

அறிவு மீதிப் படிகளைத் தாவிக் கடந்தான். ஆழ்குழாய் போடும் ரிக் வண்டியில் வடநாடு முழுக்கச் சுற்றிவிட்டு வந்தவன். உடம்பு பெரிது, வாய் அதைவிடப் பெரிது. உள்ளே முகத்தில் துண்டு கட்டிய இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவன் கையில் கம்பி, கம்பியில் ரத்தம். அறிவு பக்கத்தில் கிடந்த நாற்காலியைத் தூக்கி முதல் அடியைத் தாங்கினான். இரண்டாவது அடி அவன் தோளில் இறங்கியது. மூன்றாவதற்கு ஓங்கிய கையை ஸ்ரீதேவி பின்னாலிருந்து பிடித்து முழங்காலில் வைத்து அழுத்தினாள். முழங்கை எந்தப் பக்கம் மடங்கக் கூடாதோ அந்தப் பக்கம் மடங்கியது. கம்பிக்காரன் ஊளையிட்டுக்கொண்டே அவளை உதறித் தள்ளி, மற்றவனோடு படியில் உருண்டு பைக்கில் ஏறிப் பறந்துவிட்டான்.

ஸ்ரீதேவி ஒரு காலத்தில் போலீசில் இருந்தவள். ஏன் விட்டுவிட்டாள் என்று கேட்பவர்களிடம் தொப்பி அளவு சரியில்லை என்பாள். அதற்கு மேல் கேட்கிற தைரியம் யாருக்கும் வந்ததில்லை.

"அவனுக்கு இனி ஒரு மாசத்துக்கு சோறு பிசைஞ்சு யாராச்சும் ஊட்டணுங்க்கா" என்றான் அறிவு, தோளைத் தேய்த்தபடி.

ஸ்ரீதேவி அதைக் காதில் வாங்காமல் மோகனப்பிரியாவின் நெற்றியில் துணியை வைத்து அழுத்தினாள். ரத்தம் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மெஷினை உடைத்துவிட்டால் ரிசல்ட்டும் போய்விடும் என்று நினைத்த முட்டாள்கள் என்றாள். ரிசல்ட் காலையிலேயே அவள் செல்போனுக்கு வந்திருந்தது.

அந்த ரிசல்ட்டை நம்பித்தான் ஒரு மனிதனின் உயிர் இருந்தது. அவன் பெயர் மாரி.

ஓமலூருக்கு அந்தப் பக்கம் ஓர் ஏரியில் மீன் பிடிக்கும் குத்தகையை எடுத்தவன் மாரி. போன வாரம் அந்த ஏரியில் ஒரு பிணம் மிதந்தது. மோகனப்பிரியாவுக்காக ஏரி ஏரியாகப் போய்த் தண்ணீர் எடுத்து வரும் அங்கமுத்துவின் பிணம். ஏரி பச்சையாக இருக்கிறது, சோதனை முடியும்வரை மீன் பிடித்து விற்க வேண்டாம் என்று அங்கமுத்து சொல்ல, மாரி ஊர் பார்க்க அவர் சட்டையைப் பிடித்திருக்கிறான். எஸ்.ஐ. சின்னுசாமிக்கு அது போதுமானதாக இருந்தது. நேற்று சாயங்காலம் மாரியைத் தூக்கிக்கொண்டு போனார். இன்று சாயங்காலம் கோர்ட்டில் நிறுத்தியாக வேண்டும். அதற்குள் அவன் வாயாலேயே குற்றத்தை வாங்கிவிடுவது என்று ஸ்டேஷனில் முடிவு. மாரியின் மனைவி வெண்ணிலா ராத்திரி முழுக்க ஸ்டேஷன் மதிலுக்கு வெளியே உட்கார்ந்து அவன் கத்துவதைக் கேட்டுவிட்டு, விடிந்ததும் நேராக ஸ்ரீதேவியிடம் வந்தாள். ஸ்ரீதேவியும் அறிவும் முதலில் பிணவறைக்குப் போய்விட்டுத்தான் இங்கே வந்தார்கள்.

அங்கமுத்துவின் நுரையீரலில் இருந்த பச்சைத் தண்ணீரை மோகனப்பிரியாவுக்கு அனுப்பியதே போலீஸ்தான். மாரியின் ஏரியில்தான் அந்த ஆள் மூழ்கினார் என்று ஒரு முத்திரை குத்தி வாங்கத்தான் அனுப்பினார்கள். வந்தது வேறு.

"பச்சையா மிதக்கறது ஒரு வகை நுண்ணுயிர், மேடம்" என்றாள் மோகனப்பிரியா. "எல்லா ஏரியிலயும் பார்க்க ஒண்ணுதான். மைக்ராஸ்கோப்ல வெச்சாலும் ஒண்ணுதான். ஆனா சிலதுக்குள்ள விஷம் செய்யற ஜீன் இருக்கும், சிலதுல இருக்காது. அதைக் கண்ணால கண்டுபிடிக்க முடியாது. ஜீனைத் தேடினாத்தான் தெரியும்."

"எங்க சித்தப்பன் பசங்க மாதிரி" என்றான் அறிவு. "ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி. ஒருத்தன் கோயில் தர்மகர்த்தா, இன்னொருத்தன் கோயம்புத்தூர் ஜெயில்ல இருக்கறானுங்க."

மோகனப்பிரியா சிரிக்கவில்லை. அங்கமுத்து அவளைப் பாப்பா என்று கூப்பிட்ட மனிதர். மாரியின் ஏரியில் அந்த விஷ ஜீன் துளியும் இல்லை என்றாள். அங்கமுத்துவின் நுரையீரலில் அது நிறைய இருக்கிறது. அப்படியென்றால் அவர் மூழ்கியது மாரியின் ஏரித் தண்ணீரில் இல்லை. வேறு எங்கோ அவரை அமுக்கிக் கொன்று, பச்சையோடு பச்சையாகப் போகட்டும் என்று இங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள்.

அவர் கடைசியாக எடுத்து வந்த பாட்டில்களில் ஒன்றே ஒன்றில்தான் அந்த ஜீன் இருந்தது. சங்ககிரியைத் தாண்டி, திருச்செங்கோட்டுக்குப் போகும் வழியில் கரட்டேரி. ஆடு மாடுகளை அந்தத் தண்ணீரில் விடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வருவதாகக் கிளம்பியவர்தான் திரும்பி வரவில்லை.

ஸ்ரீதேவி சின்னுசாமிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். பச்சையில் என்னங்க ரகம் வேறு என்று அவர் சிரித்தார். சாயங்காலத்துக்குள் மாரி ஒத்துக்கொள்வான், நீங்கள் வீணாக அலைய வேண்டாம் என்றார். அவர் குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல் கேட்டது. அது வார்த்தையாக இல்லை. ஸ்ரீதேவி போனை வைத்தாள்.

மோகனப்பிரியாவைத் தையல் போட அனுப்பிவிட்டு இருவரும் காரை எடுத்தார்கள். சங்ககிரியில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. அறிவு ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை.

கரட்டேரி பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துவிட்டது போலக் கிடந்தது. கரையோரம் ஓர் ஆடு செத்து ஊதியிருந்தது. ஏரியின் மேற்குக் கரையை ஒட்டி நீளநீளமான ஷெட்டுகளோடு ஒரு கோழிப்பண்ணை. பண்ணையிலிருந்து ஒரு குழாய் எச்சத்தைக் கழுவிய தண்ணீரை ஏரிக்குள் கொட்டியது. இன்னொரு குழாய் ஏரியிலிருந்து தண்ணீரைப் பண்ணைக்கு உறிஞ்சியது.

"குடுக்கறதும் இங்கயே, வாங்கறதும் இங்கயே" என்றான் அறிவு. "நல்ல சம்பந்திங்க."

செத்த ஆட்டுக்குச் சொந்தக்காரி மயிலம்மாள் கரையில் நின்றிருந்தாள். அங்கமுத்துவின் போட்டோவைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. மறுபடி மறுபடி பண்ணைப் பக்கம் பார்த்துவிட்டுத்தான் பேசினாள்.

"நல்ல மனுசனுங்க. ஆட்டை உடாதீங்க சாமி, தண்ணியில வெசம் இருக்குதுன்னாரு. எச்சத்தைக் கொட்டிக் கொட்டித்தான் இப்படிப் பச்சை புடிச்சுப்போச்சு, அதையும் பண்ணைக்காரரு கிட்டச் சொல்லிப்போட்டு வாரேன்னு போனாருங்க."

திரும்பி வந்தாரா என்று ஸ்ரீதேவி கேட்டாள். மயிலம்மாள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு நடந்துவிட்டாள்.

பண்ணை வாசலில் மருந்துத் தண்ணீர் நிரப்பிய பள்ளம் ஒன்று இருந்தது. உள்ளே வருகிற எந்த வண்டியும் சக்கரத்தை நனைத்துவிட்டுத்தான் வர வேண்டும், எந்த மனிதனும் காலை நனைத்துவிட்டுத்தான் வர வேண்டும். பண்ணை முதலாளி கந்தவேல் அதை மிக மரியாதையாகச் சொன்னார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, அதிராத குரல். அவருக்குப் பின்னால் சூப்பர்வைசர் கதிர்வேல் நின்றிருந்தான். அவன் வலது கையைக் கழுத்திலிருந்து துணித் தொட்டிலில் தொங்கவிட்டிருந்தான். முழங்கை பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

"கோழி மிதிச்சுப்போட்டுதுங்களா?" என்று விசாரித்தான் அறிவு.

கதிர்வேலின் கண் அவனைக் கொன்றுபோடுவது போலப் பார்த்தது. ஷெட்டில் வழுக்கி விழுந்துவிட்டான் என்றார் கந்தவேல். ஸ்ரீதேவி அறிவின் காலை மிதித்து அடக்கினாள். ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. ஆனால் துண்டு கட்டிய முகத்தைக் கோர்ட்டில் எவன் நம்புவான்?

கந்தவேல் எதையும் மறுக்கவில்லை. அதுதான் அந்த மனிதரிடம் இருந்த கெட்டிக்காரத்தனம். ஆமாம், அங்கமுத்து வந்தார், டீ குடித்தார், போனார். அவர் நுரையீரலில் கரட்டேரித் தண்ணீர் இருந்ததென்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

"ஏரி எனக்கு மட்டுங்களா சொந்தம்? ஊரே வந்து போற ஏரி. எவனாச்சும் அமுக்கியிருப்பானுங்க. அந்த ஓமலூர்க்காரனே பின்னாடி வந்து அமுக்கியிருக்கலாமுங்களே."

உங்கள் பண்ணைக்குள்ளும் அதே தண்ணீர்தானே வருகிறது என்றாள் ஸ்ரீதேவி. கந்தவேல் அதற்கும் தயாராக இருந்தார். ஏரித் தண்ணீர் தொட்டிக்கு வந்ததும் குளோரின் கலந்துவிடுவார்கள். எல்லா நாளும். குளோரின் இல்லாத ஒரு சொட்டு இந்தப் பண்ணையில் எந்தக் கோழியின் வாயிலும் படாது. பாசி, புழு, கிருமி எதுவும் அந்தத் தொட்டியில் உயிரோடு இருக்காது என்றார்.

ஜீன் ஸ்ரீதேவியைச் சரியாக ஏரி வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டது. ஏரிக்கரையோடு அதன் வேலை முடிந்தது. ஏரி ஊருக்குப் பொது. இந்த ஆளைத் தொட இது போதாது. அங்கே ஸ்டேஷனில் மாரிக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது.

தொட்டியிலிருந்து ஒரே ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன் என்றாள். கந்தவேல் ஒரு நொடி யோசித்தார். பிறகு சிரித்தபடி கையைக் காட்டினார்.

"தாராளமா எடுத்துக்குங்க."

தொட்டி பண்ணையின் கோடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, தரைக்குள் இறங்கிக் கிடந்தது. உள்ளே இருட்டு. மூடியை நகர்த்தினால் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்றே தெரியவில்லை. ஓரமாகச் சில மூட்டைகள் அடுக்கியிருந்தன. அறிவு ஒன்றைக் குத்திப் பார்த்து, விரலை நக்கினான்.

"பால் பவுடருங்க்கா. இங்க கோழிக்கெல்லாம் காபி போட்டுக் குடுப்பாங்களாட்டம் இருக்குது."

ஸ்ரீதேவி பாட்டிலோடு மண்டியிட்டுக் குனிந்தாள். தண்ணீரிலிருந்து பால் வாடை வந்தது. குளோரின் வாடை வரவில்லை. எல்லா நாளும் என்று இப்போதுதானே சொன்னார் என்று அவள் தலையைத் தூக்கப் போனாள்.

பிடரியில் ஒரு கை விழுந்தது. அடுத்த கணம் அவள் முகம் தண்ணீருக்குள் இருந்தது.

கந்தவேலின் குரல்தான் மென்மை, கை அப்படியில்லை. முழங்காலை அவள் முதுகில் ஊன்றி, இரண்டு கையாலும் தலையை அழுத்தினார். ஸ்ரீதேவி கத்த வாயைத் திறந்தாள், தண்ணீர் உள்ளே போனது. மூக்கு எரிந்தது, காதுக்குள் மணி அடித்தது. நகத்தால் சிமெண்டைப் பிறாண்டினாள். இப்படித்தான் அங்கமுத்துவும் பிறாண்டியிருப்பார் என்று தோன்றியது. அந்த நினைப்பில் வந்த ஆத்திரம்தான் அவளைக் கை காலை விடாமல் உதற வைத்தது.

தொட்டிக்கு வெளியே அறிவின் முதுகில் தீவனம் அள்ளும் மண்வெட்டி விழுந்தது. கதிர்வேல் இடது கையால் வீசினான். இடது கை என்பதால்தான் அறிவு பிழைத்தான். இரண்டாவது வீச்சுக்குக் குனிந்து, ஒரு மூட்டையை அப்படியே தூக்கி அவன் முகத்தில் எறிந்தான். மூட்டை கிழிந்து கதிர்வேல் தலை முதல் கால் வரை வெளுத்துப்போய் இருமினான். அறிவு அவனுடைய வீங்கிய முழங்கையைப் பார்த்து ஓங்கி உதைத்தான். கதிர்வேல் மயங்கி விழுந்தான். அறிவு மண்வெட்டியை எடுத்துத் திருப்பிப் பிடித்து, கட்டையால் கந்தவேலின் விலாவில் இரண்டு முறை இறக்கினான். உள்ளே ஏதோ முறிந்த சத்தம் கேட்டது. அழுத்திய கைகள் தளர்ந்தன.

ஸ்ரீதேவி மேலே வந்து, தரையில் கவிழ்ந்து, வயிற்றில் இருந்ததையெல்லாம் வாந்தியெடுத்தாள். எழ முயன்ற கந்தவேலின் கையை முறுக்கி, அவர் முதுகில் ஏறி உட்கார்ந்தாள். மூச்சு விட முடியாமல் வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

அறிவு அவளையே வெறித்துப் பார்த்தான். அவன் முகத்தில் கிண்டல் இல்லை.

"அக்கா. நாக்கை நீட்டுங்க."

"என்னடா?"

"நீட்டுங்க்கா. நீலமா இருக்குது. அந்த அங்கமுத்துக்கு இருந்த மாதிரியே."

காலையில் இருவரும் பிணவறையில் அங்கமுத்துவைப் பார்த்திருந்தார்கள். நாக்கு நீலமாக இருந்தது. மூச்சு முட்டிச் செத்தால் அப்படித்தான் என்று அங்கே சொன்னார்கள். அவர்களும் சரி என்று கேட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். ஸ்ரீதேவி செல்போன் கேமராவைத் திருப்பித் தன் நாக்கைப் பார்த்தாள். நீல மிட்டாய் தின்ற குழந்தையின் நாக்கு. மூச்சு முட்டியதால் வரும் நீலம் இல்லை இது. சாயம்.

பக்கத்துக் கூண்டில் தண்ணீர்க் குழாயைக் கொத்திக்கொண்டிருந்த கோழி ஒன்றை அறிவு பிடித்து அலகைப் பிரித்தான். அதன் நாக்கும் அதே நீலம். பால் பவுடர், சாயம், குளோரின் வாடை இல்லாத தண்ணீர் என்றால் கோழிக்கு ஏதோ மருந்து கலந்திருக்கிறார்கள்.

ஸ்ரீதேவி கந்தவேலின் காதருகே குனிந்தாள். ஊர் விஷயம் பேசுகிற மாதிரி சாதாரணமாகக் கேட்டாள்.

"கோழிக்குத் தண்ணியில மருந்து குடுக்கற அன்னிக்கும் குளோரின் போடுவீங்களா?"

விலா உடைந்து கிடந்தாலும் கந்தவேல் பரம்பரைப் பண்ணைக்காரர். அந்தக் கேள்வியைப் பொறுக்க அவரால் முடியவில்லை.

"எந்தக் கிறுக்கனாச்சும் போடுவானுங்களா? தடுப்பு மருந்துல இருக்கற கிருமியே செத்துப்போயிருமுங்க. முன்னாடியே நிறுத்திப்போடோணும். மிச்ச மீதி இருக்கற குளோரினைக் கொல்லத்தான் பால் பவுடரே. எல்லாக் கோழியும் குடிச்சுதான்னு நாக்கைப் பாத்துத் தெரிஞ்சுக்கத்தான் நீலத்தைக் கலக்கறது..."

அதோடு பேச்சு நின்றது. தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே அப்போதுதான் கேட்டது.

"அங்கமுத்து செத்த அன்னிக்கும் மருந்து நாள்" என்றாள் ஸ்ரீதேவி. "ஏரியில அமுக்கியிருந்தா நாக்குல பச்சைதான் இருக்கும். நீலம் இந்தத் தொட்டியில மட்டுந்தான் இருக்குது."

ஒரு மனிதனைக் கொன்றுவிட்டு, அதே தண்ணீரை அதே சாயங்காலம் கோழிகளுக்குத் திறந்துவிட்டிருக்கிறார். மருந்து நாளைத் தள்ளிப்போடுகிற பழக்கம் எந்தப் பண்ணைக்காரருக்கும் கிடையாது. பிறகு தொட்டியைத் தேய்த்துக் கழுவி, அடுத்த மருந்து முறை வந்ததும் மறுபடி நீலத்தைக் கலந்து வைத்திருக்கிறார். இன்றைக்கு அந்த முறை.

கந்தவேல் அதன் பிறகு எதையும் மறைக்கவில்லை. ஏரியில் விஷம் என்று கலெக்டர் ஆபீசுக்குத் தகவல் போயிருந்தால் அவர் முட்டையை நாய்கூடத் தின்றிருக்காது என்றார். டீ கொடுத்து எவ்வளவோ பேசிப் பார்த்தாராம். அந்த ஆள் டீயைக் குடித்துவிட்டு, நாளைக்கே எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொன்னாராம். அதைச் சொன்னபோதும் கந்தவேலின் குரலில் வருத்தம் இல்லை, எரிச்சல்தான் இருந்தது. அறிவு தன் செல்போனில் அத்தனையையும் பதிவு செய்தான்.

பாட்டிலை நிரப்பிக்கொண்டு, இருவரையும் கயிற்றால் கட்டி, பண்ணையின் முட்டை வண்டியிலேயே ஏற்றினார்கள். முட்டை அட்டைகளுக்கு நடுவே படுத்துக்கொண்டு ஒவ்வொரு பள்ளத்துக்கும் கந்தவேல் முனகினார். அறிவு ஒரு பள்ளத்தையும் தவறவிடாமல் ஓட்டினான்.

ஸ்டேஷன் மதிலோரம் வெண்ணிலா மறுபடி வந்து உட்கார்ந்திருந்தாள். வண்டியைப் பார்த்ததும் எழுந்தவள், கேட்கப் பயந்து, கேட்காமலே பின்னால் வந்தாள்.

சின்னுசாமி பதிவைக் கேட்டார், பாட்டிலைப் பார்த்தார், ஸ்ரீதேவியின் நாக்கைப் பார்த்தார். முகம் கறுத்தது. பின்னால் கைகாட்டி, மாரியைக் கூட்டிவரச் சொன்னார். கூட்டிவரவில்லை, தூக்கி வந்தார்கள். கோர்ட்டுக்குத் தெரியாதபடி முகத்தை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். வலது கையில் விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் கறுத்த சதைக்கட்டி ஒன்று இருந்தது. வெண்ணிலா அந்தக் கையைத் தொடப் போய், தொட முடியாமல், தன் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

உன் ஏரியில் விஷம் இல்லை, நல்ல தண்ணீர்தான் என்று ஸ்ரீதேவி மாரியிடம் சொன்னாள். அவனுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. அவன் கந்தவேலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கந்தவேல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். ஒரு கான்ஸ்டபிள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

"இந்த ஆள் மேல ஒரு அடி விழக் கூடாது" என்றாள் ஸ்ரீதேவி. "கோர்ட்டுக்கு முழுசாப் போகணும்."

சின்னுசாமிக்கு அது அவமானமாகப் பட்டது.

"ஏனுங்க, என்ன பேச்சுங்க இது? அவரு பெரிய மனுசரு. அவரையெல்லாம் அடிப்பமுங்களா?"

மாரிக்கு முன்னாலேயே அதைச் சொன்னார். சொன்னதில் தப்பு இருப்பதாகவே அவருக்குத் தெரியவில்லை. அறிவு ஏதாவது சொல்வான் என்று ஸ்ரீதேவி எதிர்பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

ஸ்ரீதேவி மாரியின் கையை மெல்ல எடுத்து, மேஜை விளக்குக்கு அடியில் வைத்தாள். செல்போனில் ஒரு படம் எடுத்தாள். அடுத்த படம் சின்னுசாமியின் முகம்.

"அங்கமுத்து கேஸ் முடிஞ்சுதுங்க" என்றாள். "இப்ப இந்தக் கைக்கு ஒரு கேஸ் இருக்குது. குத்தவாளி யாருன்னு தேட வேண்டியதில்லை. நீங்களே எழுதறீங்களா, இல்லை எஸ்.பி. ஆபீசுல போய் நான் எழுதிக் குடுக்கட்டுமா?"

சின்னுசாமி எழுந்து வெளியே போகப் பார்த்தார். வெண்ணிலா அவருக்கும் கதவுக்கும் நடுவே வந்து நின்றாள்.